43.8 டன் எரிபொருளுடன் காணாமல் போன விமானம் எவ்வளவு தூரம் பறந்திருக்க முடியும்?

கேள்வி: உசிலம்பட்டி ஆசிரியை

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். சென்ற வாரம் சராசரி வேகம் பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவி எழுந்து, 2014-இல் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370-ஐக் குறிப்பிட்டு, "எண்ணெய் எவ்வளவு இருந்தது என்று தெரியும், மணிக்கு எவ்வளவு குடிக்கும் என்றும் தெரியும், அப்படியிருக்க எங்கே போய் விழுந்தது என்று ஏன் கணக்குப் போட முடியவில்லை?" என்று கேட்டாள். எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் சொல்கிறேன் என்று கூறிவிட்டு, அன்றிரவு மலேசிய அரசின் விசாரணை அறிக்கையில் உள்ள எண்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அறிக்கையின்படி, அந்தப் போயிங் 777 ரக விமானம் 2014 மார்ச் 8 அன்று மலேசிய நேரம் நள்ளிரவு 12.42-க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்டபோது அதில் 49.1 டன் எரிபொருள் இருந்தது. பயணத்துக்குத் தேவை என்று திட்டமிட்டிருந்தது 37.2 டன், திட்டமிட்ட பறக்கும் நேரம் 5 மணி 34 நிமிடம். விமானம் தானாக அனுப்பிய கடைசி நிலைச் செய்தி 1.07-க்கு வந்திருக்கிறது, அதில் மீதி எரிபொருள் 43.8 டன் என்று பதிவாகியிருக்கிறது. அதற்குப் பின் விமானம் பாதை மாறித் திரும்பிவிட்டது.

நான் போட்ட கணக்கு இதுதான். 37.2 டன்னை 5 மணி 34 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 6.68 டன். மீதி 43.8 டன்னை அதனால் வகுத்தால் 6 மணி 33 நிமிடம். ஆகவே 1.07-இலிருந்து கணக்கிட்டால் காலை 7.40-க்கு எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும். மணிக்கு 890 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் பறந்திருக்க வேண்டும். ஆனால் செயற்கைக்கோளுக்கு அந்த விமானத்திலிருந்து கடைசிச் சமிக்ஞை கிடைத்தது காலை 8.19-க்கு. என் கணக்கின்படி தீர்ந்துபோன எரிபொருளை வைத்துக்கொண்டு அது மேலும் 39 நிமிடம் எப்படிப் பறந்தது? கூட்டல் கழித்தலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

அந்த விமானத்தில் 239 பேர் இருந்தார்கள். அவர்களில் 5 பேர் இந்தியர்கள். பிள்ளைகளுக்கு இதை வெறும் கரும்பலகைக் கணக்காகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. தவறு எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொன்னால், அப்படியே வகுப்பில் சொல்லிவிடுவேன்.

பதில் 1: திருநகர், ஓய்வு பெற்றவர்

டீச்சர், வணக்கம். வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தில் 26 ஆண்டுகள் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் எந்த வழி, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்கிட்டு விமானியிடம் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட சராசரிக்குள் இரண்டு வேறுபட்ட செலவுகள் கலந்து கிடக்கின்றன.

நீங்களே எழுதிய இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். 12.42-க்கு 49.1 டன், 1.07-க்கு 43.8 டன். அதாவது முதல் 25 நிமிடத்தில் மட்டும் 5.3 டன் செலவாகியிருக்கிறது. அதே வேகத்தில் எரிந்தால் மணிக்கு 12.7 டன் ஆகும். 223 டன்னுக்கும் மேல் எடையுள்ள ஒரு பொருளைத் தரையிலிருந்து 35,000 அடிக்கு, அதாவது பத்தரைக் கிலோமீட்டருக்கும் மேலே, தூக்கிக்கொண்டு போவதற்கான செலவு அது. 1.01-க்கே விமானம் அந்த உயரத்தை அடைந்துவிட்டதாக விமானி அறிவித்துவிட்டார். ஆகவே 1.07-க்குப் பிறகு நாம் கணக்கிட வேண்டியது சமமாகப் பறக்கும் செலவை மட்டுமே. திட்டமிட்ட 37.2 டன்னிலிருந்து ஏறுவதற்குச் செலவான 5.3 டன்னைக் கழியுங்கள். நேரத்திலிருந்தும் 25 நிமிடத்தைக் கழியுங்கள். 31.9 டன், 5 மணி 9 நிமிடம், மணிக்கு 6.19 டன். இப்போது 43.8-ஐ வகுத்தால் 7 மணி 4 நிமிடம் வருகிறது. 7.40 என்று நீங்கள் கண்ட நேரம் 8.11-க்கு நகர்ந்துவிட்டது.

மிச்சமிருப்பதை எடை சரிசெய்யும். விமானத்தின் எரிபொருளே அதன் சுமைகளில் ஒன்று. எரிய எரியச் சுமை குறைகிறது, சுமை குறையக் குறைய எரிவதும் குறைகிறது. சமமாகப் பறக்கும் விமானத்தில் இறக்கையின் தூக்குவிசை எடைக்குச் சமம். காற்றின் இழுவிசை, இந்த ரகத்தில், அதில் ஏறத்தாழ 19-இல் ஒரு பங்கு. எஞ்சின்கள் தர வேண்டிய உந்துவிசை அந்த இழுவிசைக்குச் சமம். இந்தத் தலைமுறை எஞ்சின் ஒரு டன் உந்துவிசையை ஒரு மணி நேரம் தருவதற்குத் தோராயமாக 0.56 டன் எரிபொருளை எடுத்துக்கொள்ளும். 0.56-ஐ 19-ஆல் வகுத்தால் 0.03. ஆகவே விமானம் அந்தந்த மணி நேரத்தின் தொடக்கத்தில் உள்ள தன் எடையில் 3 விழுக்காட்டை அந்த ஒரு மணி நேரத்தில் எரித்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். இது தோராயமான விதிதான். அலுவலகத்தில் நாங்கள் விமானத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையையே பயன்படுத்துவோம். ஆனால் கணினி தந்த விடை நம்பத்தக்கதா என்று பார்க்க மனத்துக்குள் இந்த 3 விழுக்காட்டை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கமாக இருந்தது.

எரிபொருள் நீங்கலாக அந்த விமானத்தின் எடை, ஆட்களையும் சரக்கையும் சேர்த்து, 174.4 டன். 1.07-க்கு இருந்த மொத்த எடை 218.2 டன். அதிலிருந்து மணிக்கு மணி 3 விழுக்காடு குறைத்துக்கொண்டே போய், 174.4-ஐ எப்போது தொடுகிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். மடக்கை தெரிந்த பிள்ளைகள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்கு எட்டு வரி ஆகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று புறப்படும்போது இருந்த மொத்த எரிபொருள், இருப்பையும் சேர்த்து, 7 மணி 31 நிமிடம் தாங்கும் என்று ஆவணத்திலேயே இருக்கிறது. 12.42-உடன் அதைக் கூட்டினால் 8.13. பெய்ஜிங்குக்குப் போட்ட திட்டத்தின் கணக்கு, தெற்கே எங்கோ போய்விட்ட ஒரு விமானத்தின் முடிவு நேரத்தை ஆறு நிமிட வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறது. இதைக் கண்ட நாளில், இந்தத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

பதில் 2: மேலூர், லாரி உரிமையாளர்

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். விமானம் எனக்குத் தெரியாது. ஆனால் காணாமல் போன வண்டியை டீசல் கணக்கு வைத்துத் தேடிய அனுபவம் ஒன்று உண்டு என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு கிரானைட் ஏற்றிக்கொண்டு வடக்கே போன எங்கள் வண்டி ஓர் இரவில் தொடர்பில்லாமல் போய்விட்டது. ஓட்டுநரின் கைப்பேசி அணைந்துவிட்டது. அந்த முறை கிளீனரும் உடன் போகவில்லை. மேலூரில் டேங்க் நிறைய 350 லிட்டர் போட்டிருந்தோம். அந்த லோடுக்கு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி. ஆகவே 1,400 கிலோமீட்டர் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதற்கு மேல் டீசல் கணக்கு எதையும் சொல்லவில்லை. வீட்டில் அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அப்போது உதவியது ஃபாஸ்டாக் செய்திதான். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பணம் பிடித்த செய்தி இரவு வந்திருந்தது. அதற்கு அடுத்த டோல்கேட்டின் செய்தி வரவேயில்லை. வந்த செய்தியைப் போலவே வராத செய்தியும் ஒரு தகவல் என்று அன்று எனக்குப் புரிந்தது. அங்கிருந்து பிரியும் சாலைகளில் உள்ள பங்க்குகளை ஒவ்வொன்றாக விசாரித்ததில், காய்ச்சலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நினைவில்லாமல் படுத்திருந்தவரை மறுநாள் பகலில் கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்த்தோம். நலமாகி இன்றும் எங்கள் வண்டிதான் ஓட்டுகிறார்.

விமானத்துக்கும் அப்படி மணிக்கு ஒரு முறை செயற்கைக்கோள் செய்தி இருந்ததாகச் சொல்கிறார்கள். அது ஃபாஸ்டாக்கைப் போல இடத்தைச் சொல்லாதா? இரண்டாவதாக, மலைப்பாதையில் வண்டி டீசலை அதிகம் குடிப்பதைப் போல, விமானம் தாழப் பறந்தால் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும் அல்லவா? 8.19 வரை தாங்கியிருக்கிறது என்றால் அது உயரத்திலேயேதான் பறந்தது என்று அடித்துச் சொல்லிவிடலாமா? மூன்றாவது, எல்லாவற்றையும் டன் கணக்கில் சொல்கிறீர்களே, லிட்டரில் ஏன் சொல்வதில்லை?

பதில் 3: அவனியாபுரம், பொறியியல் கல்லூரி விரிவுரையாளர்

மேலூர் அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனெனில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தாழப் பறந்தால் எரிபொருள் வீணாகும் என்பது உண்மை. ஆனால் அது கிலோமீட்டர் கணக்கில் உண்மை. மணிக் கணக்கில் அவ்வளவாக உண்மையில்லை. திருநகர் ஐயா எழுதிய சங்கிலியையே பாருங்கள்: எடை, அதில் 19-இல் ஒரு பங்கு இழுவிசை, அதற்குச் சமமான உந்துவிசை, அதற்கேற்ற எரிபொருள். இந்தச் சங்கிலியில் உயரம் எங்குமே வரவில்லை. இறக்கைக்கு மிகவும் ஏற்ற நிலையில் பறக்கும்வரை, 10,000 அடியிலும் 35,000 அடியிலும் இழுவிசை ஏறத்தாழ ஒன்றே; எனவே மணிக்கு எரிவதும் கிட்டத்தட்ட ஒன்றே. மாறுவது வேகம். மேலே காற்று மெலிந்திருப்பதால், இறக்கை அதே தூக்குவிசையைப் பெற விமானம் மிக வேகமாகப் போக வேண்டியிருக்கிறது, போகவும் முடிகிறது. கீழே அடர்ந்த காற்றில் அதே இழுவிசையோடு மெதுவாகத்தான் போக முடியும். ஆகவே ஒரே மணி நேரத்தில் ஒரே அளவு எரிபொருளைச் செலவிட்டு, மேலே போகிற விமானம் கீழே போகிற விமானத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தைக் கடந்துவிடும்.

மலைப்பாதை உவமை இங்கே பொருந்தாததற்குக் காரணமும் இதுதான். லாரி நின்றுகொண்டு எஞ்சினை ஓடவிட்டால் சிறிதளவு டீசல்தான் செலவாகும். விமானமோ காற்றில் தன் எடையைத் தாங்கிக்கொண்டிருப்பதற்கே ஒவ்வொரு நிமிடமும் விலை கொடுக்கிறது.

ஆகவே 8.19 வரை பறந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அது உயரத்தில் பறந்தது என்று முடிவு கட்ட முடியாது. எவ்வளவு நேரம் பறக்கும், எவ்வளவு தூரம் போகும் என்பவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். டீச்சர் வகுப்பில் இந்த இரண்டையும் இரண்டு பத்திகளாக எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பின்னால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

உசிலம்பட்டி ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இன்று முதல் பாடவேளையில் திருநகர் ஐயா சொன்ன 3 விழுக்காட்டு அட்டவணையை மாணவர்களையே போடச் சொன்னேன். 218.2, 211.7, 205.3, 199.2, 193.2, 187.4, 181.8, 176.3 என்று இறங்கி வந்தது. ஏழு மணி நேரம் முடியும்போது 1.9 டன் மீதி. அடுத்த மணி நேரத்தின் எரிப்பு 5.3 டன் என்பதால் அந்த மீதி 21 நிமிடம் தாங்கும். மொத்தம் 7 மணி 21 நிமிடம், 1.07-உடன் கூட்டினால் 8.28. கடைசிச் சமிக்ஞை 8.19-க்கு வந்தது என்று நான் பலகையில் எழுதியதும் வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. தாங்கள் கையால் போட்ட கணக்கு ஒன்பது நிமிடம் நெருக்கமாக வரும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

கேள்வி கேட்ட மாணவி மட்டும் விடவில்லை. "நேரம் சரியாக வந்துவிட்டது, ஆனால் இடம் இன்னும் வரவில்லையே டீச்சர்" என்றாள். விரிவுரையாளர் சொன்னதைப் படித்த பிறகு அவள் கேள்வியின் ஆழம் எனக்கு விளங்குகிறது. நேரத்தைக் கொடுத்த எரிபொருள் இடத்தைக் கொடுக்குமா? கொடுக்காது என்றால், அதிகாரிகள் தெற்கு இந்தியப் பெருங்கடலில் போய்த் தேடியது எந்த நம்பிக்கையில்? 8.28-க்கும் 8.19-க்கும் உள்ள இடைவெளி எதனால் என்பதையும் சொல்லுங்கள் ஐயா.

பதில் 4: திருநகர், ஓய்வு பெற்றவர்

டீச்சர், அந்தப் பெண்ணைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள். பல நாட்டு நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விவாதித்தது அவள் கேட்ட கேள்வியைத்தான்.

முதலில் மேலூர் தம்பியின் மூன்றாவது கேள்வியை முடித்துவிடுகிறேன். எரிபொருளின் ஆற்றல் அதன் நிறையில் இருக்கிறது. கன அளவு வெப்பத்துக்கேற்ப விரியும், சுருங்கும். நம் ஊர் பங்க்கிலும் அன்றாடம் அடர்த்தியைக் குறித்து வைக்கிறார்கள் அல்லவா, காரணம் இதுதான். 49.1 டன் விமான எரிபொருள் ஏறத்தாழ 61,000 லிட்டர். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு, லிட்டரை நிறையாக மாற்றும்போது கிலோகிராமுக்குப் பதில் பவுண்டு கணக்கைப் பயன்படுத்தியதால் தேவையில் பாதிக்கும் குறைவாக எரிபொருள் நிரப்பப்பட்டு, நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. விமானிகள் மிதந்தபடியே கிம்லி என்ற இடத்தில் இறக்கி 69 பேரையும் காப்பாற்றினார்கள். அதனால் இந்த வேலையில் அலகு என்பது உயிர்.

இனி இடம். ராணுவ ராடாரில் விமானம் கடைசியாகத் தெரிந்தது 2.22-க்கு, மலாக்கா நீரிணையின் வடமேற்கு முனையில். அந்த நேரத்தில் மீதி ஏறத்தாழ 35 டன். திரும்பிய பிறகு அந்த இடம் வரையிலான பறப்பு வழக்கத்தைவிட வேகமாக இருந்ததை ராடார் காட்டியது. உங்கள் மாணவர்களின் கணக்கில் மிஞ்சிய ஒன்பது நிமிடத்தில் பெரும்பகுதி அங்கே எரிந்திருக்கும் என்பது என் கருத்து. அந்தப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 6 மணி நேரத்தில் எந்தத் திசையிலும் 5,000 கிலோமீட்டர் போக முடியும். அந்த ஆரத்தில் பூமியின் மீது ஒரு வட்டம் வரைந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 7.5 கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல 23 மடங்கு. எரிபொருள் தனியாக நின்று சொல்வது இவ்வளவுதான்.

அந்த வட்டத்தைச் சுருக்கியது மேலூர் தம்பி சொன்ன ஃபாஸ்டாக் போன்ற செய்திதான், ஆனால் அது இடத்தைச் சொல்லவில்லை. இன்மார்சாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாகத் தரைநிலையம் விமானத்தை அவ்வப்போது "இருக்கிறாயா" என்று கேட்கும். விமானத்தின் கருவி "இருக்கிறேன்" என்று பதில் சொல்லும். அந்தப் பதில் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, அந்தக் கணத்தில் விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்று கணக்கிடலாம். ஒரே தொலைவில் உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் பூமியின் மீது ஒரு வளையம் கிடைக்கும். 2.25 முதல் 8.19 வரை இப்படி ஏழு வளையங்கள். விமானம் எந்த நேரத்தில் எந்த வளையத்தின் மீது இருந்தது என்பது தெரியும்; வளையத்தின் எந்த இடத்தில் என்பது தெரியாது. சமிக்ஞையின் அலைவரிசையில் இருந்த சிறு மாற்றம், அது வடக்கே போகவில்லை, தெற்கே போனது என்பதைக் காட்டியது.

எரிபொருள் மறுபடி உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு நேராகவும் போகலாம், சாய்வாகவும் போகலாம்; வேகமாகப் போனால் ஏழாவது வளையத்தின் தென்மேற்குப் பகுதியைத் தொடும், மெதுவாகப் போனால் வடகிழக்கே தொடும். ஆனால் எரிபொருள் தீர்ந்த நேரம் நமக்குத் தெரிந்துவிட்டதால், "அதிகபட்சம் எவ்வளவு தூரம்" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "35 டன்னை அந்த நேரம்வரை சரியாகத் தாங்கச் செய்யும் வேகமும் உயரமும் எவையெவை" என்று கேட்கலாம். தாங்க முடியாத அளவுக்கு வேகமான பாதைகள் கழிந்துபோகின்றன. வளையத்தின் தெற்கு எல்லையை வரைந்தது இந்தக் கணக்குதான். விரிவுரையாளர் சொன்னபடி, மெதுவான தாழ்ந்த பாதைகளை நேரக் கணக்கு விலக்காது. ஆனால் அவை அடுத்தடுத்த வளையங்களை அந்தந்த நேரத்தில் எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றில் பலவற்றை விலக்கிவிடும்.

8.19 ஏன் எரிபொருள் தீர்ந்த நேரமாகக் கருதப்படுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வழக்கமான மணிநேரப் பதில் இல்லை. விமானத்தின் தொடர்புக் கருவி மின்சாரம் போய் மறுபடி வந்து, தானாகவே புதிதாகத் தொடர்பு கேட்ட செய்தி. வலது எஞ்சின் இடதைவிடச் சற்று அதிகம் எரிக்கக்கூடியது என்பதால் அது முதலில் நின்றிருக்கும். இடதும் நின்றபோது மின்சாரம் அற்றுப்போய், வாலில் உள்ள துணை எஞ்சின் குழாயில் மிஞ்சிய எரிபொருளைக் கொண்டு தானே இயங்கத் தொடங்கி, கருவிக்கு உயிர் கொடுத்திருக்கும். இவையெல்லாம் நடக்க இரண்டு நிமிடம் ஆகும் என்பதால், ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு இடது எஞ்சின் நின்ற நேரத்தை ஏறத்தாழ 8.17 என்று வைத்தது. நம் ஊரில் அப்போது காலை 5.47. அடுத்து 9.15-க்குத் தரைநிலையம் கேட்டபோது பதில் வரவில்லை. தம்பி சொன்ன வராத செய்தி.

பதில் 5: அவனியாபுரம், பொறியியல் கல்லூரி விரிவுரையாளர்

ஒரு சந்தேகம் ஐயா. எரிபொருள் தீர்ந்த பிறகும் விமானம் மிதக்குமே. 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் கசிந்து இரண்டு எஞ்சின்களும் நின்ற ஏர்பஸ் 330 ஒன்று, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மிதந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. பத்தரைக் கிலோமீட்டர் உயரத்தை 19 மடங்காக்கினால் 200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

பதில் 6: திருநகர், ஓய்வு பெற்றவர்

சேர்க்கத்தான் வேண்டும், தேடும் பரப்பின் அகலத்தை முடிவு செய்தது அந்தக் கேள்விதான். அசோர்ஸில் இறக்கிய விமானத்தைக் கைதேர்ந்த விமானி ஓட்டிக்கொண்டிருந்தார். யாரும் ஓட்டாமல் விட்டால் 777 மெல்லச் சாய்ந்து சுழன்று, வளையத்துக்கு வெகு அருகிலேயே விழுந்துவிடும் என்று தயாரிப்பாளரின் மாதிரிப் பறப்புகள் காட்டின. 8.19-க்கு வந்த கடைசி இரண்டு சமிக்ஞைகளுக்கும் இடையே 8 விநாடிதான் இடைவெளி. அந்த எட்டு விநாடிக்குள் இறங்கும் வேகம் கடுமையாகக் கூடியிருந்ததை அலைவரிசை மாற்றம் காட்டுகிறது. ஆகவே நீண்ட தூரம் மிதந்திருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

டீச்சர், உங்கள் மாணவிக்கு இதையும் சொல்லுங்கள். 23 இந்தியாவாக இருந்த பரப்பு, வளையங்களும் எரிபொருளும் சேர்ந்து சுருக்கியதில், 2017 ஜனவரிவரை சோனார் கருவிகளால் தேடப்பட்ட 1,20,000 சதுர கிலோமீட்டராக ஆனது. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060. நம் மாநிலத்தைவிடச் சற்றுச் சிறிய ஒரு கடற்பரப்பை, பல கிலோமீட்டர் ஆழத்தில் இருட்டில் தடவிப் பார்த்தார்கள். 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் மேலும் 1,12,000 சதுர கிலோமீட்டரைத் தேடியது. விமானம் அங்கே கிடைக்கவில்லை. அதன் இறக்கையின் ஒரு பகுதி 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் கரை ஒதுங்கியிருந்தது. கடல் நீரோட்டத்தைக் கொண்டு அந்தத் துண்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிப் போட்ட கணக்குகள், தேடிய பரப்புக்குச் சற்று வடக்கே கை காட்டின.

சென்னை தாம்பரத்திலிருந்து 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு வங்கக் கடலில் மறைந்த விமானப்படையின் ஏ.என். 32 விமானத்தின் சிதைவுகள், ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஜனவரியில்தான் 3,400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் காணப்பட்டன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி ஊர்தி எடுத்த படங்கள் அவை. அந்த விமானம் எந்த வழியில் போனது என்பது முன்பே தெரிந்திருந்தும் அத்தனை காலம் ஆனது.

உசிலம்பட்டி ஆசிரியை

ஐயா, நாளைக்கு வகுப்பில் தமிழ்நாட்டு வரைபடத்தையும் உலக வரைபடத்தையும் அருகருகே மாட்டப் போகிறேன். ஏழு வளையங்களையும் வரைவதற்கு அந்தச் செயற்கைக்கோள் அப்போது எந்தத் தீர்க்கரேகைக்கு மேல் நின்றது என்பது வேண்டும், தெரிந்தால் சொல்லுங்கள்.

பதில் 7: திருநகர், ஓய்வு பெற்றவர்

இன்மார்சாட் 3 எஃப் 1. அப்போது அது நின்றது நிலநடுக்கோட்டுக்கு மேல், கிழக்கு 64.5 பாகை. நூலை அங்கே ஊன்றி வரையத் தொடங்குங்கள் டீச்சர். தட்டையான உலக வரைபடத்தில் வளையம் கோணிக்கொள்ளும். பள்ளியில் பூகோள உருண்டை இருந்தால் அதன் மீதே வரையச் சொல்லுங்கள்.

மேலூர், லாரி உரிமையாளர்

உருண்டை இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் டீச்சர், மதுரையில் வாங்கி உசிலம்பட்டி பக்கம் வரும் எங்கள் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.